குரோமும் ரப்பரும்

பழையதுதான் மேல் என்கிறவரிடம் எந்தப் பழையது என்று கேட்டுவிடக் கூடாது. கேட்டால் கோபித்துக்கொள்வார். மனசுக்குள் அவருக்கு ஒரு தேதி இருக்கிறது; அதை வாய்விட்டுச் சொல்ல நேரும்போது விஷயம் கொஞ்சம் அற்பமாகப் போய்விடுகிறது. இலக்கிய வட்டாரத்தில் இந்தக் கோபத்தை நிறையப் பார்த்திருக்கிறேன். நானே கோபித்துக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் அதன் உள்விவகாரம் எனக்குப் பிடிபட்டது கார்களை வைத்துத்தான். கார் ஓட்டத் தெரியாதவன் நான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

1984ல் எட்டு மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் ஒரு நூலகத்தில் தமிழ்ச் சுவடிகளுக்குப் பட்டியல் எழுதும் வேலை கிடைத்தது. ஊருக்குள் வாடகை கட்டுப்படியாகவில்லை. தெற்கே பஸ் தூரத்தில் அபிங்டன் என்ற ஊரில் ஒரு அறை எடுத்தேன். தேம்ஸ் நதிக்கரை ஊர். காட்ட ஒரு பழைய மடாலயத்தின் மிச்சமும், நான்கு வருஷம் முன்பு மூடப்பட்ட ஒரு கார்த் தொழிற்சாலையும் அங்கே இருந்தன. என் வீட்டுக்காரர் அந்தத் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தவர். வாசலில் அவருடைய 1977 மாடல் எம்.ஜி.பி. நின்றது. அடுத்த வீட்டில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவரிடம் 1964 மாடல் எம்.ஜி.பி. (எம்.ஜி. என்ற இரண்டு எழுத்தைக் கேட்டால் நம் காது மூன்றாவதாக வேறொரு எழுத்தை எதிர்பார்க்கும். அங்கே அது மோரிஸ் கராஜஸ் என்பதன் சுருக்கம். எண்கோணச் சின்னத்துக்குள் எழுதியிருப்பார்கள்.)

இரண்டும் ஒரே கார். ஒரே உடல். 1798 சி.சி. இன்ஜின் இரண்டிலும். ஒன்றின் கதவைக் கழற்றி மற்றதில் மாட்டினால் பொருந்திவிடும். ஆனாலும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் உறவு சொல்லத் தயக்கமாக இருக்கும். 1964 கார் தரையோடு படிந்து நிற்கும். முன்னால் குரோம் பூசிய மெல்லிய பம்பர், அதன் மேல் செங்குத்தான குரோம் பட்டைகளோடு கிரில், இரண்டு பக்கமும் உள்வாங்கிய விளக்குகள். 1977 காரின் முகத்தைக் கனமான கறுப்பு மூக்கு ஒன்று முழுக்க அடைத்துக்கொண்டிருக்கும். உடல் முழுவதும் ஒன்றரை அங்குலம் உயர்ந்து, சாக்கடையைத் தாண்டுகிறவர் வேட்டியைத் தூக்கிப் பிடித்தது போல் நிற்கும். அந்த மூக்கு உண்மையில் ரப்பர் அல்ல, உள்ளே இரும்பு வைத்த பாலியூரிதேன். ஆனால் உலகம் பூராவும் அதற்கு ரப்பர் பம்பர் என்றுதான் பெயர். முந்தையதற்குக் குரோம் பம்பர். எம்.ஜி.பி. வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு ஜாதிதான்.

வாத்தியார் ஞாயிற்றுக்கிழமை தோறும் காரைத் துடைத்துக்கொண்டே வேலி வழியாகச் சொல்வார்: அந்தக் கறுப்பைக் கழற்றி எறியுங்கள், சாமான் எல்லாம் கிடைக்கிறது, ஸ்பிரிங்கையும் மாற்றிக் கீழே இறக்கிவிடலாம், நானே ஒத்தாசை செய்கிறேன் என்று. வீட்டுக்காரர் தலையை ஆட்டுவார். செய்யமாட்டார்.

பகல் பூராவும் பாடபேதம் குறித்துவிட்டு வருகிறவனுக்கு இந்த வேலிச் சண்டை வேற்றுமொழியாக இல்லை. மூலபாடம் ஒன்று இருந்தது, பிற்காலத்தார் அதைக் கெடுத்தார்கள், கெடுத்ததை நீக்கினால் மூலம் கிடைத்துவிடும் என்பது வாத்தியார் கட்சி. அவர் சொன்ன சரித்திரம் சுருக்கமானது. 1962ல் ஒரு நல்ல கார் செய்தார்கள். 1974ல் அமெரிக்கச் சட்டமும் கையாலாகாத நிர்வாகமும் சேர்ந்து அதைக் கெடுத்தன. இதில் தப்பு ஒன்றும் இல்லை. சரித்திரத்தை 1962ல் தொடங்குவதுதான் விவகாரம்.

பின்னால் போனால் ஸிஸில் கிம்பர் வருகிறார். 1922ல், வில்லியம் மோரிஸ் என்ற கார் முதலாளியின் ஆக்ஸ்ஃபோர்டு விற்பனைக் கடைக்கு மேனேஜரானவர். சாதாரண மோரிஸ் சேஸிஸ்களின் மேல் அழகான உடல் கட்டி விற்க ஆரம்பித்தார். 1928ல் லண்டன் ஒலிம்பியா கண்காட்சியில் வைத்த எம் மாடல் மிட்ஜெட்டும் அப்படித்தான்: மோரிஸ் மைனரின் 847 சி.சி. இன்ஜின், ஒட்டுப்பலகையின் மேல் துணி ஒட்டிய உடல், படகு போல் கூரான பின்பகுதி. மறுவருஷம் அபிங்டனில் ஒரு தோல் தொழிற்சாலை உபயோகிக்காமல் விட்டிருந்த கட்டடத்துக்கு இவர்கள் குடிபோனார்கள். பரிசுத்தமான எம்.ஜி. என்று ஒன்று எங்கேயாவது இருந்திருந்தால் அது இந்தத் தொடக்கத்திலாவது இருக்க வேண்டும். தொடக்கமே இரவல் சரக்கு. பின்னாளிலும் அபிங்டனில் எதையும் வார்க்கவில்லை, அடிக்கவில்லை. எம்.ஜி.பி.யின் உடல் ஸ்விண்டனிலிருந்து லாரியில் வந்தது. இன்ஜினும் வேறு ஊரில் செய்தது. அபிங்டனில் நடந்தது சேர்க்கும் வேலை. அதற்குக்கூட ஓடும் பட்டை கிடையாது. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் காரைக் கையால் தள்ளிக்கொண்டு போனார்கள். நம்முடைய தொகை நூல்களைத் தொகுத்தவர்கள் தொகுத்ததாலேயே ஒரு இலக்கியத்துக்கு முகம் கொடுத்தார்கள். அபிங்டனின் காரியம் அந்த வகை.

1930களின் முதல் பாதியில் கிம்பரின் சின்னக் கார்கள் பந்தயங்களில் பேர் வாங்கின. காம்ஷாஃப்டைத் தலைமேல் வைத்த, கீச்சென்று கத்தும் இன்ஜின்கள் அவை. 1935ல் மோரிஸ் தன் சொந்தச் சொத்தாக இருந்த இந்தக் கம்பெனியை மோரிஸ் மோட்டார்ஸுக்கு மாற்றினார். பந்தயப் பிரிவை மூடினார்கள். வரைபட வேலை கௌலிக்குப் போயிற்று. 1936ல் டி.ஏ. மாடல் வந்தது. இன்ஜின் ஒரு குடும்பக் காருடைய சாதாரண புஷ்ராடு இன்ஜின். பிரேக் ஹைட்ராலிக். முந்தையதைவிடப் பெரியது, மெத்தென்றது. கீச்சென்ற சத்தத்தைக் காதலித்தவர்களுக்கு இது எம்.ஜி.யாகவே தோன்றவில்லை. என் கணக்கில் 'இது எம்.ஜி.யே இல்லை' என்ற வாக்கியத்தின் முதல் பதிப்பு அது.

அந்த டி.ஏ.யின் நேர் வாரிசு, யுத்தம் முடிந்த 1945ல் வந்த டி.ஸி. பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. உட்காரும் இடத்தில் நாலு அங்குலம் அகலம் கூட்டினார்கள். 19 அங்குல உயரக் கம்பிச் சக்கரங்கள், ஆஷ் மரச் சட்டத்தின் மேல் தகரம் போர்த்திய உடல், முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். ஸ்டீரிங் வலது பக்கத்தில் மட்டும்தான். 1949 வரை செய்தது பத்தாயிரம். அமெரிக்காவுக்கு இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் காரின் ருசியைக் காட்டியது இதுதான் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. அப்படி அங்கே போனவை இரண்டாயிரம் அளவில்தான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். புகழுக்கும் எண்ணிக்கைக்கும் சம்பந்தமில்லை. சிறுபத்திரிகைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1936ல் எம்.ஜி.யே இல்லை என்று தள்ளப்பட்ட உருவம் பத்து வருஷத்தில் எம்.ஜி. என்றாலே இதுதான் என்று ஆயிற்று.

ஆனவுடன் அடுத்தது வந்தது. 1949 கடைசியில் டி.டி. முன்சக்கரங்கள் ஒன்றோடொன்று கட்டப்படாமல் தனித்தனியே மேடு பள்ளம் ஏறி இறங்கும், ஸ்டீரிங் துல்லியம், இடது பக்கமும் வைக்கலாம். எந்த வளைவிலும் டி.ஸி.யைவிட நல்ல கார். ஆனால் கம்பிச் சக்கரம் போய் 15 அங்குலத் தட்டுச் சக்கரம் வந்துவிட்டது. போதாததற்குப் பம்பர் வேறு. ஆமாம், பம்பரைப் பற்றிய புலம்பல் 1974க்குக் கால் நூற்றாண்டு முந்தியது. அன்றைய பம்பர் குரோம் பூசியது என்பதுதான் வேடிக்கை. மொத்தம் முப்பதாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவாகச் செய்தார்கள்; நாலில் மூன்றுக்கு மேல் அமெரிக்காவுக்குப் போயிற்று.

டி.எஃப். பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல ஆசை. ஸிட் எனவர் என்று ஒருவர். மோரிஸ் கராஜஸில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, முறையான எஞ்சினியர் படிப்பு இல்லாமல், அபிங்டனின் தலைமை எஞ்சினியராக உயர்ந்தவர். 1951ல் லீ மான் பந்தயத்துக்காக டி.டி. ஒன்றுக்கு வழவழப்பான, காற்றைக் கிழிக்கும் உடல் வரைந்தார். அதிலிருந்து ஒரு முழுக் காரையே உருவாக்கி 1952ல் தலைமையிடம் காட்டினார்கள். அந்த வருஷம்தான் மோரிஸ் கம்பெனியும் ஆஸ்டின் கம்பெனியும் ஒன்றாகியிருந்தன. தலைவர் லெனர்ட் லார்ட் ஆஸ்டின் பக்கத்து ஆள். அவர் அப்போதுதான் டானல்ட் ஹீலியின் காரை ஏற்றுக்கொண்டிருந்தார். ஒரு வீட்டுக்கு இரண்டு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று எனவருடையதைத் தள்ளிவிட்டார். அபிங்டனுக்கோ விற்க ஏதாவது வேண்டும். பழைய டி.டி.யையே எடுத்து, கிரில்லைச் சாய்த்து, விளக்குகளை மட்கார்டுக்குள் புதைத்து, 1953ல் டி.எஃப். என்று கொண்டுவந்தார்கள். அதன் முன்னால் எண்கோணத்தில் அழகான ரேடியேட்டர் மூடி ஒன்று இருக்கும். திறக்க முடியாது. அது பொய். அசல் மூடி பானெட்டுக்குள் மறைந்திருக்கும். ரேடியேட்டர் தெரியாத முகம் எம்.ஜி. முகம் ஆகாதே என்று வைத்த மூடி அது. புதுசை எழுத அனுமதி இல்லாதவன் பழையதன் முத்திரைகளை அதிகமாகக் குத்துகிறான். யாப்பு கைவிட்டுப் போன பிறகு எழுதப்பட்ட எத்தனையோ வெண்பாக்களில் இந்த மூடியைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு ஏளனத்துக்கு ஆளான கார் அது. 1955 வரை 9600 செய்து நிறுத்திக்கொண்டார்கள். இன்றைக்கு டி வரிசைக்குள்ளேயே அழகு இதுதான் என்று சாதிக்கிறவர்கள் ஏராளம். பொய் மூடியைக் கையில் தேய்த்துப் பளபளப்பாக வைத்திருக்கிறார்கள்.

டி.எஃப். விற்கவில்லை என்றபிறகு எனவரின் கார் தப்பித்தது. 1955ல் எம்.ஜி.ஏ. ஒரு லட்சத்துச் சொச்சம் செய்தார்கள். இங்கிலாந்தில் விற்றவை அதில் ஆறாயிரம் அளவுதான், மீதி ஏற்றுமதி. மரச்சட்டம் போய்விட்டதே, சதுரம் போய்விட்டதே என்ற அழுகையை மறுபடி விவரிக்கப் போவதில்லை. இந்த இடத்தில் நமக்கு ஒரு சொந்த விஷயம் இருக்கிறது. எம்.ஜி.ஏ.யின் 1489 சி.சி. இன்ஜினும் நம் அம்பாஸடரில் நீண்ட காலம் ஓடிய 1489 சி.சி. இன்ஜினும் ஒரே குடும்பம், ஒரே அளவு. எம்.ஜி.ஏ.யில் இரண்டு கார்புரேட்டர் வைத்து முறுக்கேற்றியிருந்தார்கள். எழும்பூர் ஸ்டேஷன் வாசலில் டாக்ஸிக்காரர் சாவியைத் திருகியபோது நாம் கேட்ட இருமல், கலிபோர்னியாவில் கூரையைத் திறந்துபோட்டுக்கொண்டு கடற்கரைச் சாலையில் போன இளைஞன் கேட்ட அதே தொண்டையின் இருமல்தான். இதை வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் சந்தோஷப்பட்ட மாதிரி நான் எழுதிய எதைப் படித்தும் யாரும் சந்தோஷப்பட்டதில்லை.

ஆக 1962க்கு வருகிறோம். டான் ஹேய்ட்டர் வரைந்து, எனவர் தலைமையில் உருவான எம்.ஜி.பி. தனியாகச் சேஸிஸ் கிடையாது, உடலே எலும்பு. கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடி உண்டு. முந்தையதில் மழை வந்தால் பிளாஸ்டிக் திரைகளை எடுத்துச் செருக வேண்டும். கண்ணாடி வைத்த கதவு சௌகரியத்துக்கு அடிமையானதன் அடையாளம் என்று எம்.ஜி.ஏ.க்காரர்கள் சொன்னார்கள். வாத்தியாரின் மூலபாடம் பிறந்தபோதே இடைச்செருகல் என்று பெயர் வாங்கிக்கொண்டுதான் பிறந்தது.

சரி, குரோம் பம்பர் எம்.ஜி.பி. என்பதாவது ஒரு பாடமா? வாத்தியாருடைய காரில் கதவுக்கு வெளியே இழுக்கும் கைப்பிடி. 1965க்கு மேல் அமுக்கும் பொத்தான் வந்துவிட்டது; இழுக்கும் கைப்பிடிக்காரர்கள் ஒரு தனி உட்பிரிவு, மற்றக் குரோம்காரர்களைக் கொஞ்சம் கீழாகத்தான் பார்ப்பார்கள். அவர்களுக்குள்ளும் 1964 கடைசி வரை வந்த மூன்று பேரிங் இன்ஜினின் சுறுசுறுப்பு, பிறகு வந்த உறுதியான ஐந்து பேரிங் இன்ஜினில் இல்லை என்று ஒரு கட்சி. 1968 மாடலில் அமெரிக்காவுக்குப் போன கார்களின் இரும்பு டாஷ்போர்டு போய், முட்டினால் அடிபடாத திண்டு வந்தது. அதை அபிங்டன் தலையணை என்று கேலி செய்தார்கள். 1969ல் புது முதலாளி லேலண்ட் குரோம் கிரில்லைப் பிடுங்கிவிட்டுக் கறுப்புக் குழி ஒன்றை வைத்தது. பிடிக்கவில்லை என்றதும் 1972ல் பாதி பழையதாக ஒரு கிரில்லைத் திருப்பி வைத்தது. மூலபாடத்தைத் தேடிப் போகிறவன் படி இறங்கிக்கொண்டே இருக்கலாம். கடைசிப் படியில் மோரிஸ் மைனர் இன்ஜினோடு கிம்பர் நின்றுகொண்டிருப்பார்.

இவ்வளவையும் வாத்தியாரிடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். அவர் அசரவில்லை. 'நீங்கள் சொல்கிற மாற்றங்களை எல்லாம் செய்தவர்கள் கார் செய்கிறவர்கள். 1974ஐச் செய்தது வாஷிங்டனில் ஒரு குமாஸ்தா' என்றார். நல்ல பதில். பல வாரம் என்னைத் தூங்கவிடாத பதில்.

சட்டம் இதுதான். மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் முன்பக்கம் மோதினால் விளக்கு முதலியவை சேதப்படக் கூடாது என்று 1973 மாடல்களுக்கு அமெரிக்கா விதி போட்டது. அடுத்து பம்பர் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்றும் விதித்தது. எம்.ஜி.பி. தாழ்ந்த கார். புது உடல் வரையப் பணம் இல்லை. இருந்த பணம் வேறு கார்களுக்குப் போயிற்று. எனவே 1974ன் பிற்பகுதியில் கறுப்பு மூக்கை ஒட்டி, முழுக் காரையும் தூக்கி நிறுத்தினார்கள். இரண்டு வகை செய்வது செலவு என்பதால் வாஷிங்டன் விதி எட்டாத இங்கிலாந்துக்காரனுக்கும் அதே மூக்கு. தூக்கியதில் கார் வளைவுகளில் சாய ஆரம்பித்தது. போதாக்குறைக்குச் சாயாமல் பிடிக்கும் முன்பக்கத்து இரும்புத் தண்டையும் திறந்த கார்களில் சிக்கனத்துக்காக எடுத்துவிட்டார்கள். அமெரிக்காவுக்குப் போன கார்களில் புகைச் சட்டத்துக்காக இரண்டு கார்புரேட்டரை ஒன்றாக்கி மூச்சையும் பாதி அடைத்தார்கள். 1975 எம்.ஜி.பி. 1964 எம்.ஜி.பி.யைவிட மோசமான கார். இதில் எனக்குச் சந்தேகமில்லை. எல்லா மாற்றமும் சமம், எல்லாப் பாடமும் பாடமே என்று சொல்லித் தப்பிப்பது விமர்சகனுக்கு அழகில்லை.

ஆனால் வெளி ஆணை என்பதைக் குற்றமாக வைத்தால் வாத்தியாரின் வழக்கு நிற்காது. டி.ஏ. வந்தது மோரிஸின் கணக்குப் புத்தகத்தால். டி.டி.யின் இடது ஸ்டீரிங் அமெரிக்க டாலருக்காக. டி.எஃப். ஒரு முதலாளியின் மறுப்பினால். வெளியிலிருந்து வராத மாற்றம் இந்தச் சரித்திரத்தில் ஒன்றே ஒன்றைக்கூட நான் காணவில்லை. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. 1955லும் 1962லும் வெளி நெருக்கடி வந்தபோது ஒரு ஆள் வெற்றுத்தாள் முன் உட்கார முடிந்தது. நெருக்கடி கோட்டுக்குள் கரைந்தது. 1974ல் வெற்றுத்தாளுக்குக் காசு இல்லை. பழைய கோட்டின் மேலேயே ஆணையை ஒட்டினார்கள், ஒட்டு தெரிகிறது. அந்தக் காலத்துக் குமாஸ்தாவை நான் குறை சொல்ல மாட்டேன். விளக்கு உடையாமல் இருக்க வேண்டும் என்று கேட்பது ஒன்றும் பாவமில்லை.

ஒட்டியதற்குப் பிறகு நடந்ததை வாத்தியார் சொல்லவே மாட்டார். 1976ன் நடுவில் அபிங்டன் தன் கைக்கு எட்டிய வரைக்கும் காரைச் சரிசெய்தது. சாயாமல் பிடிக்கும் தண்டை முன்பக்கம் திரும்ப வைத்து, பின்பக்கமும் ஒன்று சேர்த்தது. இன்ஜினோடு ஒட்டிக்கொண்டிருந்த ரேடியேட்டரை முன்னால் தள்ளி, சூடானால் மட்டும் சுற்றும் மின்விசிறி வைத்தது. அழகுபடுத்த விடவில்லை, ஓட்டக்கூடியதாக ஆக்க விட்டார்கள், ஆக்கினார்கள். வீட்டுக்காரர் ஒருநாள் தன் பானெட்டைத் திறந்து அந்த ரேடியேட்டரைக் காட்டினார். 'எழுபத்தாறுக்கு முன் இது இங்கே இருக்கும்' என்று ஒரு சாண் பின்னால் கை வைத்தார். 'வண்டியின் வயசை எண்பலகை சொல்லாவிட்டாலும் இது சொல்லிவிடும்.' சுவடியில் ஒரு எழுத்தின் சுழியை வைத்து நூற்றாண்டு சொல்லுகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் முகத்திலும் அந்தச் சந்தோஷம் வரும்.

குரோம் மாட்டினால் என்ன என்று அவரிடம் நானும் கேட்டேன். அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'அசிங்கம்தான். முதல் வண்டி வந்த அன்று நாங்கள் எல்லோரும் சிரித்தோம்' என்றார். பிறகு, 'ஆறு வருஷம் நான் அதைத்தான் மாட்டினேன்.'

அந்த ஆறு வருஷத்தின் முடிவு பிரசித்தம். 1979 செப்டம்பரில் அபிங்டனுக்கு வந்து ஐம்பது வருஷம் ஆனதைத் தொழிற்சாலையும் ஊருமாகச் சேர்ந்து கொண்டாடினார்கள். கொண்டாட்டம் முடிந்த கையோடு, 10ஆம் தேதி திங்கட்கிழமை, மூடப்போகிறோம் என்று அறிவிப்பு வந்தது. பவுனின் மதிப்பு ஏறிவிட்டதால் அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு காரிலும் 900 பவுன் நஷ்டம் என்றது நிர்வாகம். 1980 அக்டோபர் 22 கடைசி எம்.ஜி.பி. ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். பதினெட்டு வருஷத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்த கார். கடைசி ஆறு வருஷம் அந்த ஊர்ச் சமையலறைகளில் அடுப்பு எரிந்தது எல்லோரும் வெறுத்த கறுப்பு மூக்கினால். இதைச் சொன்னால் இலக்கிய மதிப்பீட்டுக்குள் வயிற்றுப்பாட்டைக் கொண்டுவருகிறேன் என்பார்கள். கொண்டுவரவில்லை. 1964 காரே நல்ல கார் என்று முன்னமே எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. நல்லது எது என்பது ஒரு கேள்வி, நடந்தது எது என்பது வேறொரு கேள்வி. 1977 காரில் குரோம் மாட்டுகிறவர் முதல் கேள்விக்குச் சரியான பதிலை எழுதி, அந்தத் தாளைக் கொண்டுபோய் இரண்டாவது கேள்வியின் மேல் ஒட்டுகிறார்.

மற்ற இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார்களின் கதையும் இதன் பக்கவாட்டில்தான் போகிறது. ஜாகுவார் ஈ டைப்பின் விளக்குகளின் மேல் 1961ல் இருந்த கண்ணாடி மூடி, 1967ல் அமெரிக்க விதிக்காகப் போயிற்று; மூடி இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் இடையே இன்றும் பேச்சுவார்த்தை சுமுகமில்லை. லோட்டஸ் ஸெவனின் உரிமையை 1973ல் வாங்கிய கேட்டர்ஹாம், முதலில் நான்காவது மாடலைச் செய்துபார்த்து, விட்டுவிட்டு, மூன்றாவது மாடலுக்குத் திரும்பிப் போய் அங்கேயே குடியேறிவிட்டது. மாறாதவன் என்று எல்லோரும் கை காட்டும் மார்கன்கூட, 1936ல் போட்ட இரும்புச் சேஸிஸை 2020ல் நிறுத்தி, பசையால் ஒட்டிய அலுமினியத்துக்கு மாறிவிட்டது. மேலே ஆஷ் மரம் மட்டும் இருக்கிறது. 1988ல் இன்னொரு விசித்திரம். எம்.ஜி.பி.யின் பழைய அச்சுகளைத் தேடிப் பிடித்துப் புத்தம் புது உடல்களை அடித்து விற்க ஆரம்பித்தார்கள். துருப்பிடித்த 1964 காரின் உறுப்புகளை 1990ல் அடித்த உடலில் மாட்டினால் அது எந்த வருஷத்துக் கார் என்று வாத்தியாரைக் கேட்க எனக்கு வாய்க்கவில்லை. எண்கோணச் சின்னம் பல கை மாறிச் சீனாவுக்குப் போய், 2019லிருந்து நம் தெருக்களில் ஆள் உயர வண்டிகளின் நெற்றியில் வருகிறது. அதைப் பற்றி எனக்கு அபிப்ராயம் இல்லை.

2011ல் மறுபடி அபிங்டன் போனேன். வீட்டுக்காரர் இல்லை, வாத்தியாரும் இல்லை. ஆற்றங்கரைப் புல்வெளியில் பத்துப் பன்னிரண்டு பழைய கார்களை நிறுத்திக் கொடை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் ஒரு பச்சை எம்.ஜி.பி. குரோம் பம்பர், குரோம் பட்டை கிரில், கம்பிச் சக்கரம், தரையோடு படிந்த நிற்பு. கண்ணுக்கு நிறைவாக இருந்தது. இங்கிலாந்து எண்பலகையில் வருஷத்தைச் சொல்லும் எழுத்து ஒன்று உண்டு. இதில் அது இல்லை. வட அயர்லாந்து எண், அங்கே அந்த எழுத்து போடுவதில்லை. வயசை மறைக்க விரும்புகிறவர்கள் விலைகொடுத்து வாங்கி மாட்டிக்கொள்வார்கள். பக்கத்தில் நின்றவர் என் வயசுக்காரர், நல்ல மனுஷர். அறுபத்தேழு மாடல் என்றார். இன்ஜின் பார்க்கிறீர்களா என்று அவரே பானெட்டைத் தூக்கிக் கம்பியை முட்டுக்கொடுத்தார்.

எல்லாம் துடைத்து வைத்த பாத்திரம் போல் இருந்தது. இரண்டு கார்புரேட்டரும் பளபளவென்று. ரேடியேட்டர் முன்னால், கிரில்லை ஒட்டி இருந்தது. அதில் மின்விசிறி. அதற்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு சாண் காலி இடம். அந்த இடத்தில் வீட்டுக்காரரின் கை இருந்ததை நினைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டார். ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன். அதுவும் உண்மைதான். பானெட் கனம், மூட ஒரு கை கொடுக்கச் சொன்னார், கொடுத்தேன்.